மூன்று முறையும் ஒரே எண்

நம் மருத்துவமனைக்குப் புதிய கருவி வந்து இறங்கியதைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். கருவிக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. இரண்டு பக்கமும் நீங்கள் ஏழு பேரும் கல்யாண வீட்டுக்காரர்களைப் போல நிற்கிறீர்கள். கீழே, "சார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து இரண்டு வார்த்தை" என்று ஒரு குறிப்பு. ஓய்வு பெற்று வீட்டில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருப்பவனிடம் இரண்டு வார்த்தை கேட்டால் அவன் இரண்டோடு நிறுத்துவான் என்று நம்புகிறீர்களே, உங்கள் வெள்ளை மனசை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முப்பத்தோரு வருடம் கண் பரிசோதகனாக இருந்தேன். அதில் நான் செய்த நல்ல காரியங்களை எல்லாம் என் பிரிவு உபசாரத்தில் பேசினார்கள். பாதி எனக்கே புதிய செய்தி. அன்று யாரும் பேசாத ஒன்று உண்டு. மேடையில் இருந்தவர்களில் இரண்டு பேருக்கு அது தெரியும். கேக் வெட்டுகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் புதிய கருவி செய்யும் வேலையை அந்தக் காலத்தில் எங்கள் பழைய கருவியும் செய்தது, இவ்வளவு ஒப்பனை இல்லாமல். விழித்திரையின் நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறது. கீரையிலிருந்தும் சோளத்திலிருந்தும் உடம்பு சேர்த்துவைக்கிற நிறமி அது. அந்த நிறமி எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே அளந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை எவ்வளவு திரும்பும் என்று ஊகிக்கலாம் என்பது எங்கள் டாக்டரம்மாவின் எண்ணம். ஊகிக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். அதை நான் என் காதுக்குள் வாங்கும்போது "கண்டுபிடித்துவிடலாம்" என்று ஆக்கிக்கொண்டேன். டாக்டரம்மா என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கை அவ்வளவு சுத்தம், என்னை "அண்ணே" என்று கூப்பிடுவார். மரியாதை கொடுக்கிறவர்கள் சொல்வதை நாம் சரியாகக் கேட்பதில்லை.

அளக்கும் விதம் சுலபம். நோயாளி ஒரு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். முதலில் அது சும்மா இருக்கும், பிறகு துடிக்கத் தொடங்கும். துடிப்பது தெரிந்ததும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நடுப்பார்வைக்கு ஒரு தடவை, ஓரப்பார்வைக்கு ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கருவி ஒரு எண்ணைச் சொல்லும். வித்தியாசம் பெரியதென்றால் நிறமி நிறைய. வித்தியாசமே இல்லையென்றால் நிறமி இல்லை. கருவியைச் சுமந்துகொண்டு மாதம் ஒருமுறை கேமரன் மலைக்கு வேன் ஏறுவோம். வளைவுகளில் தாதி கமலா ஆரஞ்சுத் தோலை முகர்ந்துகொண்டு வருவார். நான் எனக்கு ஒன்றும் ஆகாதவன் போல வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் குமட்டும்.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபம்தான் எங்கள் கிளினிக். பரிசோதனைக்கு இருட்டு வேண்டும். காய்கறித் தோட்டங்களில் பாத்தி மூடுகிற கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒருவர் கொடுத்துதவினார், ஜன்னல்களில் கட்டிக்கொண்டோம். உள்ளே ஒரு மேசை, கருவி, இரண்டு நாற்காலி. நோயாளி வெளிச்சத்தைப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவியின் திரையைப் பார்ப்பேன். வெளிச்சம் எப்போது துடிக்கத் தொடங்குகிறது என்பது எனக்கும் தெரியும்.

அங்கே வருகிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், பஜாரிலும் காய்கறித் தோட்டங்களிலும் சொந்த வியாபாரம் செய்கிறவர்கள். கோலா தெர்லாவிலிருந்து ஒரு கோஸ் வியாபாரி வந்தார். பொத்தானைத் தன் லோரி ஹார்ன் என்று நினைத்துவிட்டார். வெளிச்சம் சும்மா இருக்கும்போதே அழுத்தினார், அழுத்திவிட்டு இன்னும் இரண்டு தடவை அழுத்தினார்.

"துடிக்கிறதுக்கு முன்னாலேயே ஏன் அமுக்குறீங்க?" என்றேன்.

"எப்படியும் துடிக்கத்தானே போவுது பாஸ்? டைம் வேஸ்ட் லா" என்றார்.

அவருடைய எண்கள் மூன்று தடவை எடுத்ததில் மூன்று திசையில் ஓடின. குப்பை என்று ஒதுக்கிவைத்தேன்.

இன்னொரு ரகம், தோட்டத்து ஆட்கள். அவர்களைச் சோதிப்பது எனக்குத் திருவிழா. முதுகு நிமிர்ந்திருக்கும். கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கும். ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்று முறை எடுத்தால் மூன்றும் ஒரே எண்ணாக வரும், கோடு போட்ட மாதிரி. எண் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது, எல்லோருக்குமே குறைவாக. மலையில் கீரை சாப்பிடுவதில்லையோ என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். சுற்றிலும் லோரி லோரியாகக் கீரை போய்க்கொண்டிருக்கிற ஊரில். ஆனால் அந்தச் சீர் இருக்கிறதே! பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பரிசோதனை செய்கிறவன் சரியாக இருந்தால் எண் இப்படித்தான் வரும்" என்று காட்டியிருக்கிறேன். சத்தியமாக இதே வார்த்தைகளில் சொன்னேன்.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் பார்வதி. ஐம்பத்தாறு வயது. தேயிலை நாற்றுமேடையில் வேலை. இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. புருஷன் இல்லை, ஒரே மகள் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்து வேலைக்காரனைக் கட்டிக்கொண்டு அங்கே இருந்தாள். பார்வதி தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் முப்பது வருடமாக இருந்தார். வேலையில் இருப்பவருக்குத்தான் லயத்து வீடு என்பது அந்தத் தோட்டத்து விதி.

"டாக்டரய்யா, ஒரு தேதி போட்டுக் குடுத்துடுங்க" என்று உட்கார்ந்ததும் கேட்டார். "கிராணி கேக்குறாரு. ஆபரேஷன் தேதி இருந்தா லீவுன்னு எழுதிக்குவாராம், வீடு இருக்கும். தேதி இல்லாட்டி ஆளு வேலைக்கு ஆவாதுன்னுதான் எழுதணுமாம்."

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கிளார்க். நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பத்தோரு வருடத்தில் அப்படிக் கூப்பிட்ட ஒருவரையும் திருத்தியதில்லை. எனக்கு அவ்வளவு தன்னடக்கம்.

"தேதி டாக்டரம்மா குடுப்பாங்க. முதல்ல அளந்து பார்ப்போம்" என்றேன்.

சாதாரணப் புரை என்றால் அளவும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம், எடுத்துவிட்டுப் போகலாம். பார்வதிக்கு இருந்தது ஒரே கண். புரைக்குப் பின்னால் விழித்திரையின் நடுவிலும் ஏதோ பழைய கோளாறு இருக்கலாம் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். புரை மறைத்ததால் தெளிவாகப் பார்க்கவும் முடியவில்லை. கத்தி வைத்து, உள்ளே ஒன்றும் தேறாமல், இருக்கிற மங்கல் பார்வையும் போய்விட்டால்? அதனால்தான் என் எண்ணுக்காகக் காத்திருந்தார். நான் கொடுத்த எண் அடிமட்டம்.

"அண்ணே, இது நம்பலாமா?" என்று கேட்டார்.

"மூணு தடவ எடுத்தேன் டாக்டர். மூணும் ஒரே எண்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததற்குப் பெருமையடித்துக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர், ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கலாம், அதுவரை கத்தி வேண்டாம் என்று எழுதினார். தாளை நான்தான் பார்வதியிடம் கொடுத்தேன். அவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தேதி எங்கய்யா இருக்கு?"

"தேதி இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் நல்லா கீரை சாப்பிடுங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆறு மாதம் கழித்து நாங்கள் மலையேறியபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தின நாளே மேலே வந்து, கியா பார்மில் மழையில் நின்று மனைவிக்கு ஸ்ட்ராபெரி பொறுக்கியதன் பலன். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. ஆகவே கமலாவே நோயாளிகளுக்கு விளக்கம் சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்த முதல் நாள் அது. டாக்டரம்மா அன்று வரவில்லை. முதல் ஆளே பார்வதி.

பொத்தானில் விரல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவி ஓடியது. வெளிச்சம் துடிக்கும் நேரம் வந்தது, போனது. பார்வதி அழுத்தவில்லை. மறுபடி ஓட்டினேன். அழுத்தவில்லை. மூன்றாம் முறையும் அதேதான். "பதில் இல்லை" என்றது திரை. கண் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்தேன். டாக்டரம்மா ஆறு மாதம் பொறுத்தது எவ்வளவு சரியான முடிவு, அதற்கு என் எண் எவ்வளவு துணை என்று ஒரு கணம் திருப்தியாகக்கூட இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நீங்களும் ஒரு நாள் இப்படித் திருப்திப்படுவீர்கள்.

கமலாவுக்கு அந்தத் திருப்தி எல்லாம் கிடையாது. "அக்கா, வெளிச்சம் ஆடுறது தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரியுதே."

"எப்பருந்து?"

"அப்பவே புடிச்சு. நல்லாத்தான் ஆடுது."

"பிறகு ஏன்க்கா அமுக்கல?"

பார்வதி என் பக்கம் திரும்பினார். தப்பு செய்துவிட்டோமோ என்ற பயம் முகத்தில் இருந்தது. "ஐயா இன்னும் சொல்லலையே?"

"என்ன சொல்லணும்?"

"'ம்'னு சொல்வாரு. சொன்னா அமுக்கணும். போன தடவ அப்படித்தான் செஞ்சோம். எல்லாருந்தான் செஞ்சோம்."

கமலா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். திரையிலும் ஒன்றும் இல்லாததால் தரையைப் பார்த்தேன். ஆமாம், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நோயாளியை உற்சாகப்படுத்துகிறேன் என்று வெளிச்சம் துடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் "ம்" என்பேன். சொல்வது எனக்கே தெரியாது. கோஸ் வியாபாரி என் "ம்"மை மதிக்கவில்லை, தன் இஷ்டத்துக்கு ஹார்ன் அடித்தார். அந்தக் குப்பை எண்ணாவது அவருடைய சொந்த எண். தோட்டத்து ஆட்கள் நடுப்பார்வைக்கும் ஓரப்பார்வைக்கும் நான் ஒரே தாளத்தில் சொன்ன "ம்"முக்குத்தான் அழுத்தியிருக்கிறார்கள். அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வரும்? நிறமி எங்கிருந்து வரும்? ஒரு வருடமாக நான் அந்த மண்டபத்தில் அளந்துகொண்டிருந்தது என் தொண்டையை.

"நீங்களா தெரிஞ்சப்ப அமுக்கிருக்கலாமேக்கா" என்றார் கமலா.

"சொல்றதுக்கு முன்னால கை வைக்கக் கூடாதும்மா." பார்வதி தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இது எப்படிப் போச்சுன்ற? தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டறப்ப கங்காணி குரல் குடுத்தப்புறந்தான் கத்தி வீசணும். பக்கத்துல ஒருத்தி முந்திக்கிட்டா. கம்பு தெறிச்சு இங்க குத்திருச்சு. அதிலருந்து நான் முந்துறதே இல்ல."

எங்கள் கையேட்டில் நோயாளிக்கு எப்படி விளக்க வேண்டும் என்று நான்கு பக்கம் இருக்கிறது. நானே எழுதியது. கமலா அதை எடுக்கவில்லை. பார்வதியின் தோளில் கைவைத்து, "அக்கா, இன்னிக்கு நீங்கதான் கங்காணி. வெளிச்சந்தான் வேலையாளு. அது ஆட்டம் போட்ட உடனே பொத்தான அமுக்கி அதட்டணும். ஐயாவப் பார்க்கவே கூடாது, அவரு இன்னிக்கு லீவு" என்றார்.

பார்வதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்த தோரணையே மாறியது. முப்பத்தைந்து வருடம் யாரோ குரல் கொடுக்கக் காத்திருந்தவர் அந்த வெளிச்சத்தை எப்படி அதட்டினார் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "தோ, ஆடிட்டான்!" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார். மூன்று தடவையும் மூன்று எண், கொஞ்சம் கொஞ்சம் வேறு. உயிருள்ள மனிதர்கள் அழுத்தினால் அப்படித்தான் வரும். மூன்றுமே நல்ல எண். அறுவைக்குத் தயங்க வேண்டியதே இல்லை என்கிற அளவுக்கு நல்ல எண்.

"கிராணி என்னக்கா சொல்றாரு?" என்று கமலா கேட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கிறேன்னாரு. புதுசா ஆளுங்க குடும்பத்தோட வர்றாங்களாம், வீடு பத்தலையாம். அதுக்குள்ள தேதி வந்துட்டா சரின்னாரு."

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பிள்ளைகளே, இதுவரை நான் சொன்னது தவறு. யாரும் செய்யக்கூடிய, சொன்னால் சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தவறு. இனிமேல் சொல்லப் போவதற்கு எனக்கு வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஒரு கண் மருத்துவ மாநாடு. டாக்டரம்மா பேசப் போகிறார். அவர் காட்டப் போகும் எண்களில் பாதி இந்தக் கோயில் மண்டபத்தில் நான் எடுத்தவை. எவ்வளவு சீராக இருக்கின்றன என்று அவர் வேறு சொல்லியிருந்தார், பேச்சின் கடைசியில் என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிப்பதாகவும். இந்த நேரத்தில் போய், "டாக்டர், அந்த எண்கள் எல்லாம் நான் கனைத்தது" என்று எப்படிச் சொல்வது?

வேன் மலையிலிருந்து இறங்கும்போது எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. ஆறு மாதத்துக்கு முன் குறைந்த எண். கீரை சாப்பிடச் சொன்னேன். இப்போது நல்ல எண். கீரையால் ஏறியது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? பார்வதிக்கும் தேதி கிடைக்கும், எனக்கும் ஒரு கண்டுபிடிப்பு. நான்கு வளைவு வரைக்கும் அந்த யோசனையைக் கொஞ்சிக்கொண்டே வந்தேன். கமலா ஆரஞ்சுத் தோலுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வளைவில் கைவிட்டேன். இதை என் நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாட்சி இருந்தது, அவ்வளவுதான்.

"சார், இன்னிக்கே டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க லா. பாவம் சார் அந்த அக்கா" என்றார் கமலா.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். சரியாகட்டும் என்று சைகை செய்தேன்.

"மெசேஜ் அனுப்பத் தொண்ட வேணாம் சார்."

அதற்கும் ஒரு சைகை செய்தேன், என்ன சைகை என்று எனக்கே நினைவில்லை. மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். மாநாடு முடியட்டும். பதினோராம் நாள் முடிந்துவிடும். கிராணியின் கெடு ஒன்பதாம் நாள். இரண்டு நாள்தானே, அந்த மனிதர் பொறுக்க மாட்டாரா? எனக்காக டாக்டரம்மா ஆறு மாதம் பொறுக்கவில்லையா? அடுத்தவருடைய பொறுமை விஷயத்தில் எனக்கு எப்போதுமே தாராள மனசு. கமலா தானே சொல்லிவிடுவாரோ என்று பயந்து, நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று அவரிடம் உறுதியும் கொடுத்தேன். அவர் என் வார்த்தையை மதித்துப் பேசாமல் இருந்தார். என் வார்த்தையை மதித்தவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிந்தும்.

தொண்டை மூன்றாம் நாளே சரியாகிவிட்டது.

பதினோராம் நாள் மாலை டாக்டரம்மா மாநாட்டிலிருந்து திரும்பினார். நல்ல கைதட்டலாம். என் பெயரையும் சொன்னாராம். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முதலில் கேட்ட கேள்வி, "அந்த அம்மாவுக்கு எப்ப தேதி குடுக்கலாம்?" உடனே டைரியைத் திறந்து, வேறொருவரை நகர்த்தி, அந்த வாரமே ஒரு நாளை எழுதினார். மாநாட்டுக்காரர்களுக்கு எண்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதமும் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

"பத்து நாள் முன்னால சொல்லிருந்தா எனக்கு ரெண்டு ஸ்லைடு கொறஞ்சிருக்கும் அண்ணே. வேற என்ன ஆயிருக்கும்?"

 வேறு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை தேதி போட்ட தாளை எடுத்துக்கொண்டு நானே மலையேறினேன். தோட்டத்து ஆபீஸில் கிராணி எழுந்து நின்று வரவேற்றார். தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"முந்தாநாள் சாவி வாங்கிட்டேனே சார்" என்றார். "நான் ஏற்கெனவே ஆறு மாசம் இழுத்துப் பார்த்தேன். மேனேஜர் கிட்ட என்னான்னு சொல்றது? பேப்பர்ல தேதி இல்லையே. நேத்து அந்த வீட்டுல ஆளுங்க வந்து ஏறிட்டாங்க. கைக்குழந்தையோட."

அவர்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அந்த ஆபீஸில் ஆறு மாதம் பொறுத்தவர் அவர் ஒருவர்தான்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. விழித்திரை நடுவில் பெரிதாக ஒரு கோளாறும் இல்லை. கட்டுப் பிரித்த பிறகு எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வாசித்தார். "மிக நன்று" என்று நான்தான் பதிவேட்டில் எழுதினேன். நிறமி அளவு முன்கூட்டியே சொன்னது பார்வதி விஷயத்தில் அப்படியே பலித்தது. மற்ற தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் திரும்ப அளந்தோம், கமலா பேச, நான் வாயில் ஏலக்காய் அடக்கிக்கொண்டு.

உங்கள் புதிய கருவியில் பொத்தான் இல்லை, தானே படமெடுத்துத் தானே எண் சொல்லும் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் தாடையை வையுங்கள், அசையாதீர்கள், நேரே பாருங்கள் என்று சொல்ல அதன் பக்கத்தில் ஒரு வாய் இருக்கத்தான் போகிறது. எண்கள் ரொம்ப ஒழுங்காக வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். தவறு தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். மாலை போட்டது போதும், வாடியதும் கழற்றிவிடுங்கள், கருவிக்குள் இதழ் விழும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை திரிங்காப் போனேன். பார்வதி மகள் வீட்டில் இருந்தார். மகள், மருமகன், மூன்று பிள்ளைகள், இரண்டு அறை. சரிவில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே செவ்வந்தித் தண்டுகளில் அடி இலைகளை உருவிக்கொண்டிருந்தார். என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு எழுந்துவிட்டார். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார், தேநீர் வந்தது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தெரிந்த வேலையில் ஒளிந்துகொண்டேன்.

"தூரப் பார்வை எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா."

"அந்தப் பக்கம் பாருங்க. என்ன தெரியுது, சொல்லுங்க."

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு. நான் ஏலக்காய் இல்லாமலேயே வாயை இறுக்கிக்கொண்டேன். பார்வதி வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"தேயில தெரியுது. ரோடு, ஒரு வேன் போவுது. நம்ம லயம் தெரியுது, மூணாவது வரிச." கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார். "கடைசி வீட்டு வாசல்ல கயிறு கட்டிருக்காங்க. நான் இருந்தப்ப பின்னாலதான் கட்டுவேன். கொழந்தத் துணி காயுது. செவப்பு ஒண்ணு, மஞ்ச ஒண்ணு."

நான் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

பார்வதி கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரியாத்தானே சொல்றேன் டாக்டரய்யா?"

"ம்" என்றேன்.